எதனால் என்று தெரியாமல் ஒருவர் மூச்சுத் திணறி விழுந்தால்: வேலையிடத்தில் கடும் அலர்ஜி, படிப்படியாக

சூப்பர்வைசர்களுக்கு முதலுதவிப் பயிற்சி கொடுக்கும்போது ஒரு ஒத்திகை வைப்பேன். ஒருவர் செக்கிங் மேசை ஓரமாக மூச்சு வாங்கிக்கொண்டு உட்காருவார். மற்றவர்கள் என்ன செய்கிறார்கள் என்று கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பேன். முதல் மூன்று நிமிடம் எல்லா இடத்திலும் ஒரே மாதிரிதான் போகிறது. "என்ன சாப்ட்டீங்க? எதைத் தொட்டீங்க? புது கெமிக்கல் ஏதாச்சும் வந்துச்சுங்களா?" காரணம் தெரிந்தால்தான் வைத்தியம் பார்க்க முடியும் என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

கடும் அலர்ஜி எந்தப் பொருளால் வந்தாலும் முதல் மருந்து ஒன்றுதான்: அட்ரினலின் ஊசி. அதனால்தான் இங்கே பொருளைத் தேடும் வேலை எட்டாவது படியில் வருகிறது. வரிசையை மாற்றாதீர்கள். எடுத்துக்காட்டுகள் திருப்பூர்ப் பக்கத்துச் சாயப்பட்டறை, பனியன் கம்பெனிகளிலிருந்து வந்தவை. பேக்கரி, சலூன், ஃபோம் கம்பெனி, ஆஸ்பத்திரி எதுவானாலும் படிகள் இவைதான்.

1. ஷிப்ட் தொடங்கும் முன்பே இருக்க வேண்டியவை

அட்ரினலின் ஆம்பூல் (உடைத்துத் திறக்கும் சின்ன மருந்துக் குப்பி), 1 மில்லியில் 1 மில்லிகிராம் உள்ளது, குறைந்தது நான்கு இருக்கட்டும். கூடவே 1 மில்லி சிரிஞ்சுகள், 25 மில்லிமீட்டர் நீள ஊசிகள். இன்சுலின் சிரிஞ்ச் வாங்கி வைத்துவிடுகிறார்கள். அதன் ஊசி குட்டை. மருந்து தசைக்குப் போகாமல் தோலுக்கடியிலேயே நின்று மெதுவாக ஏறும். நமக்கு வேகம் வேண்டும்.

வெளிநாட்டில் கிடைக்கும் பேனா மாதிரியான தானியங்கி ஊசி நம் ஊர்க் கடைகளில் எளிதில் கிடைப்பதில்லை. ஆகவே ஆம்பூலை உடைத்து ஏற்றத் தெரிந்த நர்ஸ் அல்லது பயிற்சி பெற்ற ஆள் ஒவ்வொரு ஷிப்டிலும் வேண்டும். "இன்ன அறிகுறி இருந்தால் இவ்வளவு கொடுக்கலாம்" என்று கம்பெனி மருத்துவர் கையெழுத்திட்ட தாள் பெட்டியின் மூடியில் ஒட்டியிருக்க வேண்டும். அந்தத் தாள் இல்லாத இடத்தில் நர்ஸ் ஊசியைக் கையில் வைத்துக்கொண்டே டாக்டருக்கு போன் போட்டுக்கொண்டிருப்பார்.

மருந்தை வெயில் படாமல், 25 டிகிரிக்குள் வையுங்கள். ஸ்டீம் ஓடும் ஷெட்டில் சுவரில் மாட்டிய முதலுதவிப் பெட்டி அதற்கு ஆகாது. ஆஃபீஸ் ரூமில் இருக்கட்டும். ஃப்ரீசரிலும் வைக்கக் கூடாது. மாதம் ஒருமுறை எடுத்துப் பாருங்கள். இளஞ்சிவப்பாகவோ பழுப்பாகவோ நிறம் மாறியிருந்தால் காலாவதித் தேதி வராவிட்டாலும் தூக்கிப் போடுங்கள்.

150 பேருக்கு ஒரு முதலுதவிப் பெட்டி, 500 பேருக்கு மேல் இருந்தால் தனி ஆம்புலன்ஸ் ரூம் என்பது 1948-ம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்திலிருந்து வந்த கணக்கு. எண்ணிக்கை எல்லா இடத்திலும் சரியாகத்தான் இருக்கிறது. சாவி எங்கே என்று இரவு இரண்டு மணிக்குக் கேட்டுப் பாருங்கள். ஹெச்.ஆர். வீட்டுக்குக் கொண்டுபோயிருப்பார். அந்தப் பெட்டிக்குப் பூட்டே வேண்டாம். உடைத்தால் தெரிகிற பிளாஸ்டிக் சீல் போதும்.

இன்னொன்று. ஒடிசா, பீகார் தம்பிகள் நிறைய இருக்கும் யூனிட்டில் சூப்பர்வைசருக்கு நாலு இந்தி வார்த்தை தெரிந்தே ஆக வேண்டும்: ஸாஸ் என்றால் மூச்சு, கலா என்றால் தொண்டை, குஜ்லி என்றால் அரிப்பு, சக்கர் என்றால் தலைசுற்றல். ஒரு பையன் தொண்டையைப் பிடித்துக்கொண்டு "கலா, கலா" என்று சொல்ல, ஏதோ சண்டை என்று நினைத்து விலக்கிவிட்டதைப் பார்த்திருக்கிறேன்.

2. முதல் கேள்வி: ஒருவரா, பலரா?

ஓடிப்போய்த் தூக்கும் முன் ஒரு நொடி நின்று சுற்றிப் பாருங்கள். அலர்ஜி பொதுவாக ஒருவரைத்தான் பிடிக்கும். பக்கத்திலிருப்பவர்களும் இருமினால், கண் எரிச்சலில் கசக்கினால், அல்லது இரண்டாவது ஆளும் சாய்ந்தால் அது வாயு. கதவைத் திறந்து எல்லோரையும் வெளியே அனுப்புங்கள்.

கழிவுநீர்த் தொட்டி, சுத்திகரிப்பு டேங்க், சேறு வாரும் குழி இவற்றுக்குள் ஒருவர் விழுந்தால் அதை அலர்ஜி என்று யோசிக்கவே வேண்டாம். ஹைட்ரஜன் சல்பைடு என்று வைத்துக்கொண்டு தீயணைப்புத் துறையைக் கூப்பிடுங்கள். மூச்சுக் கருவி இல்லாமல் யாரும் உள்ளே இறங்கக் கூடாது. விழுந்தவரைத் தூக்கப் போனவரும் அங்கேயே விழுந்துவிடுவார்.

3. அலர்ஜி என்று எப்படித் தெரியும்

உடம்பில் நாலு இடம் பார்க்க வேண்டும். தோல்: தடிப்பு, அரிப்பு, உதடு, கண் இமை, நாக்கு வீக்கம். மூச்சு: விசில் சத்தம், விடாத இருமல், தொண்டையில் அடைப்பு. ரத்த ஓட்டம்: தலைசுற்றல், வேகமான மெலிந்த நாடி, மயக்கம். வயிறு: திடீர் வாந்தி, சுருட்டிப் பிடிக்கும் வலி.

தோலில் ஏதாவது தெரிந்து, கூடவே மூச்சோ ரத்த ஓட்டமோ கெட்டால் யோசிக்காதீர்கள். கடும் அலர்ஜி என்றே எடுத்துக்கொள்ளுங்கள். சில நிமிடங்களுக்குள் தொண்டை அடைத்துக் குரல் மாறினாலே போதும், தோலில் எதுவும் தெரிய வேண்டியதில்லை. பத்தில் ஒன்றிரண்டு பேருக்குத் தோலில் எதுவுமே தெரியாது. "உடம்புல ஒண்ணுமே தடிக்கலயே" என்று காத்திருந்து நேரத்தை விடுவதுதான் புதியவர்கள் செய்யும் பெரிய பிழை.

நம் நிறத்தில் சிவப்பு எளிதாகத் தெரியாது. உள்ளங்கை, காது மடல், இமை ஓரம் பாருங்கள். முழங்கையின் உள்பக்கத்தை விரலால் தடவினால் மேடு தட்டுப்படும். அப்புறம் பேரைச் சொல்லச் சொல்லுங்கள். ஒருமுறை செக்கிங்கில் ஒரு அக்கா, "ஒண்ணுமில்லீங்க, நாக்கு ஒரு மாதிரி தடிச்சாப்ல இருக்குது" என்றார். வாயில் வெற்றிலையை அடக்கிக்கொண்டு பேசுகிற மாதிரிக் குரல். உள்ளங்கையைத் திருப்பினேன், தக்காளிப் பழம் போலச் சிவந்திருந்தது. முகத்தில் எதுவுமே இல்லை.

பயத்தில் வரும் படபடப்பிலும் மூச்சு வாங்கும், விரல் மரத்துப்போகும். ஆனால் தடிப்பு வராது, விசில் சத்தம் வராது, குரல் மாறாது. சந்தேகமாகவே இருந்தால் அலர்ஜி என்று நினைத்தே அடுத்த படிக்குப் போங்கள்.

4. படுக்க வையுங்கள், நடக்க விடாதீர்கள்

பொருளிலிருந்து விலக்குவது முதலில்: சாயத் தூள் பறக்கும் இடமானால் பத்தடி தள்ளி நல்ல காற்றுக்குத் தூக்கிக்கொண்டு போங்கள், கையுறை போட்டிருந்தால் கழற்றுங்கள். பிறகு மல்லாக்கப் படுக்க வைத்துக் காலை ஒரு துணிப் பண்டில் மேல் உயர்த்துங்கள்.

கடும் அலர்ஜியில் ரத்தக் குழாய்கள் தளர்ந்து ரத்தம் காலுக்கு இறங்கிவிடும். அந்த நேரத்தில் சட்டென்று எழுந்து நின்றால் இதயத்துக்குத் திரும்பும் ரத்தம் குறைந்து இதயமே நின்றுபோகலாம். செக்கிங், பேக்கிங் எல்லாம் பெரும்பாலும் இரண்டாம் மாடியில். இரண்டு பேர் கைத்தாங்கலாகப் படியிறக்கி, கீழே பைக்கில் நடுவில் உட்கார வைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதுதான் நம் ஊர் வழக்கம். எழுந்து நிற்பது, நடப்பது, நிமிர்ந்து உட்காருவது, ஆகாத மூன்றும் அதில் இருக்கின்றன. ஸ்ட்ரெச்சர் இல்லையென்றால் நாலு பேர் பெட்ஷீட்டில் தூக்குங்கள்.

விதிவிலக்கு உண்டு. மூச்சுத் திணறல்தான் அதிகம் என்றால் முதுகுக்குச் சாய்வு கொடுத்து, காலை நீட்டி உட்கார வையுங்கள். கர்ப்பிணியானால் இடப்பக்கம் சாய்த்துப் படுக்க வையுங்கள். நினைவில்லாமல் மூச்சு மட்டும் இருந்தால் ஒருக்களித்து.

சோடா, எலுமிச்சை ஜூஸ், தண்ணீர், மாத்திரை எதுவும் வாயில் கொடுக்காதீர்கள். தொண்டை வீங்கும் நேரத்தில் அது மூச்சுக்குழாயில் போகும்.

5. அட்ரினலின், அதே நொடியில் 108

இரண்டு பேர் இரண்டு வேலை. ஒருவர் ஊசி, இன்னொருவர் 108. போனில் "கடும் அலர்ஜி, மூச்சுத் திணறல்" என்று சொல்லி, கம்பெனிப் பெயரோடு தெரு முனையில் என்ன அடையாளம் என்றும் சொல்ல வேண்டும். நம் யூனிட்டுகள் பல சந்துக்குள், போர்டே இல்லாமல் இருக்கின்றன. மூன்றாவதாக ஒருவர் முனைக்கே போய் நிற்கட்டும்.

பெரியவர்களுக்கு 0.5 மில்லி, அதாவது 0.5 மில்லிகிராம். இடம், தொடையின் வெளிப்பக்கம், இடுப்புக்கும் முழங்காலுக்கும் நடுவே. ஊசி நேராகத் தசைக்குள் போக வேண்டும். கையில் போடாதீர்கள், அங்கிருந்து மெதுவாகத்தான் ஏறும். ரத்தக் குழாயில் ஏற்றவே கூடாது, இதயத் துடிப்பு தாறுமாறாகிவிடும். சுடிதார் பேன்ட் போன்ற மெல்லிய துணி வழியாகவே போடலாம். பெண் தொழிலாளி என்று ஆண்கள் தயங்கி நிற்பதைப் பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு ஷிப்டிலும் பயிற்சி பெற்ற பெண் ஒருவர் இருந்தால் அந்தத் தயக்கத்துக்கு இடமில்லை.

நேரத்தைக் கையிலோ அட்டையிலோ எழுதுங்கள். ஐந்து நிமிடத்தில் தெளியவில்லையென்றால் இரண்டாவது ஊசி, மறுதொடையில். "அவருக்கு பி.பி. இருக்குங்க, சுகர் இருக்குங்க" என்பார்கள். உயிர் போகும் அலர்ஜியில் இந்த ஊசியைத் தடுக்கும் காரணம் எதுவும் இல்லை. கை நடுக்கம், படபடப்பு வரும். அது மருந்து வேலை செய்வதன் அறிகுறி.

மூச்சு நின்றுவிட்டால் நெஞ்சின் நடுவில் நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, 5 முதல் 6 சென்டிமீட்டர் ஆழத்துக்கு அழுத்துங்கள். ஆம்புலன்ஸ் வரும் வரை ஆள் மாற்றி மாற்றி.

அவில் (அலர்ஜிக்குப் போடும் வழக்கமான ஊசி), டெக்கா (ஸ்டீராய்டு ஊசி) பற்றி வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். பக்கத்து கிளினிக்கில் அந்த இரண்டு ஊசியைப் போட்டு வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள். அவில் அரிப்பைக் குறைக்கும். டெக்கா வேலை செய்யத் தொடங்கவே மணிக்கணக்காகும். தொண்டை வீக்கத்தையும் விழுந்துபோன ரத்த அழுத்தத்தையும் இரண்டும் திருப்பாது. அட்ரினலினுக்குப் பிறகு கொடுத்தால் கொடுக்கட்டும், அதற்குப் பதிலாக வேண்டாம். செட்டிரிசின் மாத்திரையும் அப்படித்தான்.

6. உடம்பில் ஒட்டியிருப்பதை அகற்றுங்கள்

ஊசி போட்ட பிறகுதான் இது. தூள் படிந்த சட்டையைத் தலை வழியாக உருவாமல் வெட்டி எடுங்கள். உருவினால் தூள் மூக்கில் போகும். தோலையும் கண்ணையும் ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவுங்கள், படுத்த நிலையிலேயே. கறை போகட்டும் என்று தின்னரோ ஸ்பாட் லிஃப்டரோ (துணியில் கறை எடுக்கும் கெமிக்கல்) தொடக் கூடாது. தோலின் எண்ணெய்ப் பசையைக் கரைத்து, பொருளை உள்ளே இன்னும் வேகமாக இறக்கிவிடும். தேனீ கொட்டிக் கொடுக்கு தோலில் நின்றிருந்தால் அதை நகத்தால் சுரண்டித் தள்ளுங்கள்.

7. ஆஸ்பத்திரியில் கையில் கொடுக்க வேண்டிய சீட்டு

அவசரப் பிரிவு உள்ள ஆஸ்பத்திரிக்கே போங்கள். கூடப் போகிறவர் கையில் ஐந்து வரிச் சீட்டு இருக்க வேண்டும்: அறிகுறி தொடங்கிய நேரம், ஊசி போட்ட நேரமும் அளவும், என்ன வேலையில் இருந்தார், அன்று போட்ட மாத்திரைகள், ஏற்கெனவே உள்ள நோய். பி.பி. மாத்திரைகளில் பீட்டா பிளாக்கர் வகை எடுப்பவருக்கு அட்ரினலின் சரியாகப் பிடிக்காமல் போகலாம். அது மருத்துவருக்கு முன்பே தெரிந்திருந்தால் மாற்று மருந்தை உடனே எடுப்பார்.

இரண்டு விஷயம் கேட்டு வாங்குங்கள். ஒன்று, டிரிப்டேஸ் ரத்தப் பரிசோதனை. அறிகுறி தொடங்கி ஒன்று முதல் இரண்டு மணி நேரத்துக்குள், தவறினால் நாலு மணி நேரத்துக்குள் ரத்தம் எடுக்க வேண்டும். ஒப்பிட்டுப் பார்க்க 24 மணி நேரம் கழித்து இன்னொன்று. நடந்தது கடும் அலர்ஜிதான் என்று பின்னால் நிறுவ இதைவிட நல்ல ஆதாரம் கிடைப்பது அரிது, நேரம் போனால் எடுக்கவும் முடியாது. இரண்டு, குறைந்தது 6 மணி நேரக் கண்காணிப்பு. கடுமையாக இருந்தால் 12 மணி நேரமோ அதற்கு மேலோ. தணிந்த அலர்ஜி சில மணி நேரம் கழித்து மறுபடி கிளம்புவது உண்டு, அப்போது அவர் விடுதி அறையில் தனியாக இருக்கக் கூடாது.

8. இப்போது பொருளைத் தேடுங்கள்

அவர் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பியதும் அவர் நின்ற இடத்தைக் கயிறு கட்டி மறியுங்கள். யாரும் கூட்டிப் பெருக்கக் கூடாது. நல்லெண்ணத்தில் முதலில் துடைப்பத்தை எடுப்பவரால்தான் தடயம் போகிறது. கேன், பை, கையுறை, மாஸ்க், லேபிள், லாட் நம்பர் எல்லாவற்றையும் போட்டோ எடுத்து, மாதிரியை மூடிய டப்பாவில் வையுங்கள்.

கேள்விகளை அவர் அருகிலிருந்தவர்களிடம் தனித்தனியாகக் கேளுங்கள். கூட்டமாகக் கேட்டால் முதலில் சத்தமாகச் சொன்னவரின் பதிலையே எல்லோரும் சொல்வார்கள். கடைசி இரண்டு மணி நேரத்தை நிமிட வாரியாகவும், அதற்கு முந்தைய ஒரு நாளை மேலோட்டமாகவும் எழுதுங்கள். புது லாட் வந்ததா? சப்ளையர் மாறினாரா? எக்ஸாஸ்ட் நின்றிருந்ததா? பூச்சி மருந்து அடித்தார்களா? பேர் எழுதாத பாட்டிலில் ஏதாவது ஊற்றி வைத்திருந்தார்களா? இந்தக் கடைசிக் கேள்விக்குத்தான் எங்கள் பக்கம் அதிகம் "ஆமாங்க" வருகிறது. ஸ்பாட் லிஃப்டரைத் தண்ணீர் பாட்டிலில் பிரித்து வைப்பது அவ்வளவு சாதாரணம்.

கெமிக்கல் அல்லாததையும் அதே அக்கறையோடு கேளுங்கள்: மாத்திரை, கேன்டீன் சாப்பாடு, பூச்சிக்கடி. குரல் மாறிய அந்த அக்கா விஷயத்தில் நானும் தவறினேன். ஸ்பாட் லிஃப்டர்தான் என்று எல்லோரும் சொன்னார்கள். கேனை மாற்றி, ஃபேன் வைத்து, இரண்டு வாரம் அதிலேயே போனது. அவர் டிபன் பையை வீட்டுக்கு எடுத்துப்போக வந்த மகள் பக்க ஜிப்பைத் திறந்தாள். பல்வலிக்கு வாங்கிய டைக்ளோஃபினாக் அட்டை, இரண்டு மாத்திரை காலி. அன்று காலை டீயோடு ஒன்று போட்டிருக்கிறார். பின்னால் மருத்துவரும் மாத்திரையைத்தான் காரணமாக எழுதினார். வலி மாத்திரையை யாரும் "மருந்து" என்று நினைத்துச் சொல்வதில்லை. "மாத்திரை ஏதாவது போட்டீர்களா" என்று கேட்காதீர்கள்; "தலைவலி, பல்வலி, வயித்துவலின்னு இன்னைக்கு என்ன போட்டீங்க" என்று கேளுங்கள்.

9. பாதுகாப்புத் தாளைப் படிக்கும் முறை

எம்.எஸ்.டி.எஸ்., அதாவது கெமிக்கலோடு வரும் பாதுகாப்புத் தாள், ஆடிட் ஃபைலில் பத்திரமாக இருக்கும்; சாயம் கலக்கும் கலர் கிச்சனில் இருக்காது. ஒவ்வொரு கெமிக்கலின் தாளையும் எடுத்து 16 பகுதிகளில் இரண்டாவதையும் மூன்றாவதையும் முதலில் பாருங்கள். "அலர்ஜி" என்ற வார்த்தையைத் தேடுவதைவிட இரண்டு குறியீடுகளைத் தேடுங்கள். ஹெச் 334 என்றால் மூச்சு வழியாகப் போய் அலர்ஜியோ ஆஸ்துமாவோ உண்டாக்கலாம்; லேபிளில் நெஞ்சில் நட்சத்திரம் வெடித்த மனித உருவம் இருக்கும். ஹெச் 317 என்றால் தோல் அலர்ஜி.

துணித் தொழிலில் நான் முதலில் சந்தேகிப்பவை: ரியாக்டிவ் சாயத் தூள், துணியின் பிசிறை நீக்கும் பயோ பாலிஷ் என்சைம், ஃபார்மால்டிஹைடு கலந்த ஃபினிஷிங் ரெசின், ரப்பர் லேடெக்ஸ் கையுறை. ஃபோமிலும் இரண்டு பாகப் பெயின்டிலும் ஐசோசயனேட். பேக்கரியில் மாவுத் தூசியும் மாவில் சேர்க்கும் அமைலேஸ் என்சைமும். சலூனில் பிளீச் பவுடரின் பெர்சல்பேட்.

"ஏழு வருசமா இதே சாயம்தாங்க, இப்ப எப்படி வரும்?" என்று கேட்பார்கள். அலர்ஜி அப்படித்தான் வரும். பொதுவாக முதல் தடவை தொட்டவுடன் வராது. பழகப் பழக உடம்பு அதை எதிரியாகக் குறித்துக்கொள்கிறது, அப்புறம் ஒரு சிட்டிகையே போதும். பழைய பொருள் என்பதற்காக எதையும் பட்டியலிலிருந்து எடுக்காதீர்கள்.

10. கம்பெனிக்குள் சோதித்துப் பார்க்காதீர்கள்

"லேசா மோந்து பாக்கச் சொல்லலாம்", "கையில கொஞ்சம் தடவிப் பாக்கலாம்" என்று யாராவது நிச்சயம் சொல்வார்கள். இரண்டாவது தடவை முதல் தடவையைவிட மோசமாக இருக்கலாம். சோதனை ஆஸ்பத்திரியில், அலர்ஜி மருத்துவர் முன்னிலையில் மட்டும்.

தோல் குத்துச் சோதனைக்கு நாலு முதல் ஆறு வாரம் காத்திருக்க வேண்டும். நிகழ்வுக்குப் பிறகு கொஞ்ச நாள் தோல் களைத்திருக்கும், அலர்ஜி இருந்தும் இல்லை என்று காட்டிவிடும். செட்டிரிசின் போன்றவற்றை எத்தனை நாள் முன்பே நிறுத்த வேண்டும் என்று மருத்துவரிடம் கேளுங்கள். முதுகில் ஒட்டும் பேட்ச் சோதனை தோல் அழற்சிக்கானது. கடும் அலர்ஜியை அது கண்டுபிடிக்காது, இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். வேலைக்கு வந்தால் இரைப்பு, லீவு நாளில் சரியாகிவிடுகிறது என்றால் பீக் ஃப்ளோ மீட்டரில் (மூச்சை ஊதும் வேகத்தை அளக்கும் சின்னக் கருவி) ஒரு நாளைக்கு நாலு முறை ஊதி, லீவு நாட்களும் சேர்த்து இரண்டு முதல் நாலு வாரம் குறித்து வையுங்கள்.

விபத்துப் பதிவேட்டில் அன்றே எழுதுங்கள், இ.எஸ்.ஐ.க்கும் தெரிவியுங்கள். தொழில்வழி ஆஸ்துமா இ.எஸ்.ஐ.யின் தொழில் நோய்ப் பட்டியலில் இருக்கிறது. "அவருக்கு உடம்பே அப்படி" என்று எழுதிவிட்டால் அவருடைய உரிமை அந்த வரியோடு போய்விடும்.

11. திரும்ப வேலைக்கு வரும்போது

காரணம் தெரிந்தால் அந்தப் பொருளை எடுங்கள். முடியாவிட்டால் ஆளை வேறு பிரிவுக்கு, அதே சம்பளத்தில் மாற்றுங்கள். மாஸ்க் கொடுத்து அதே இடத்தில் நிறுத்துவது தீர்வாகாது. கர்ச்சீப்பும் துணி மாஸ்க்கும் நுண்ணிய தூளை நிறுத்தாது. என்95 தூளை நிறுத்தும், ஆவியை நிறுத்தாது. மற்றவர்களுக்காகவும் தூள் பறக்காத சாயம், எடை போடும் இடத்தில் உறிஞ்சு விசிறி, லேடெக்ஸுக்குப் பதில் நைட்ரைல் கையுறை என்று மாற்றிக்கொண்டே போங்கள்.

காரணம் கிடைக்காமலே போவதும் உண்டு. அப்போது அவர் தனியாக நிற்கும் வேலை, மேலே ஏறும் வேலை, தனி இரவு ஷிப்ட் கொடுக்காதீர்கள். அடையாள அட்டைக்குப் பின்னால் இன்னொரு அட்டை வையுங்கள்: பெயர், நடந்த தேதி, என்ன அறிகுறி வந்தது, "சந்தேகம்: இன்னது" அல்லது "காரணம் தெரியவில்லை", "முதலில் அட்ரினலின் 0.5 மி.கி., தொடையில்", வீட்டு போன் நம்பர். தமிழில் ஒரு பக்கம், அவர் மொழியில் ஒரு பக்கம். அதன் நகல் மருந்துப் பெட்டி மூடியில், மருத்துவர் கையெழுத்திட்ட தாளுக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கட்டும்.